பேய்க்கும் படிவம் கேட்கும் தயாரிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்த் திரைப்படத் தயாரிப்பாளர்களுக்கும், அவர்கள் சார்பில் கதை கேட்பவர்களுக்கும்,

போன மாதம் உங்களில் ஒருவருடைய அலுவலகத்திலிருந்து எனக்கு மூன்று பக்கப் படிவம் ஒன்று வந்தது. பேய்ப் படக் கதை வைத்திருப்பவர்கள் இனிமேல் நேரில் வந்து கதை சொல்ல வேண்டாம், இதை நிரப்பி அனுப்பினால் போதுமாம். நிறுவனத்தின் பெயரை நான் எழுதப் போவதில்லை. ஒருவரைச் சுட்டினால் மற்றவர்கள் "நம்மை இல்லை" என்று நகர்ந்துவிடுவீர்கள். இதே கேள்விகளை வாய்மொழியாக வேறு நாலு அலுவலகங்களிலும் என்னிடம் கேட்டிருக்கிறார்கள்.

படிவத்தில் இருந்தவை இவை: முதல் பத்து நிமிடத்தில் எத்தனை இடத்தில் தூக்கிவாரிப் போடும்? வீடு எந்த மாதிரி, எத்தனை அறை? காமெடி நடிகர்கள் யார் யார் (குறைந்தது இரண்டு பேர்)? இடைவேளையில் பேய் முகம் காட்டுகிறதா? ஃபிளாஷ்பேக் எத்தனை நிமிடம், அதில் பாட்டு உண்டா? கிளைமாக்ஸில் எந்தச் சாமி? கடைசியாக, ரெஃபரன்ஸ் படங்கள் (இதே மாதிரி ஏற்கெனவே வந்தவை) மூன்று.

மூன்று பக்கத்தையும் இரண்டு தடவை படித்தேன். இந்தக் கதையைப் பார்க்க வருகிறவன் எதற்குப் பயப்படுவான் என்ற கேள்வி மட்டும் எங்கேயும் இல்லை.

நான் 12 வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். கிளாப் அடிப்பதில் ஆரம்பித்து இப்போது இணை இயக்குநர். வேலை செய்த ஏழு படங்களில் மூன்று பேய்ப் படங்கள். அதனால் பேய்ப் படத்தை மட்டமாக நினைக்கிற ஆள் நான் இல்லை. எனக்குச் சோறு போட்டதில் பாதி பேய்தான்.

அதில் முதல் படத்துக்கு ஈசிஆரில் ஒரு பங்களா பிடித்தோம். லொக்கேஷன் பார்க்கப் போன அன்றைக்கே அந்த வீட்டு வாட்ச்மேன் எங்கள் கேமராமேனிடம் வந்து, "சார், கேமராவை இந்தப் பக்கம் வைங்க. போன ரெண்டு படத்துலயும் பேய் இந்தப் படியிலதான் இறங்குச்சு. நல்லா வந்துச்சு" என்றார். எல்லோரும் சிரித்தோம். அப்புறம் கேமராவை அங்கேயேதான் வைத்தோம். பேயும் அந்தப் படியிலேயே இறங்கியது.

படம் வெளியான அன்று தியேட்டரில் எனக்கு முன்வரிசையில் ஒரு பையன் உட்கார்ந்திருந்தான். பேய் வருவதற்கு இரண்டு நொடி முன்பே பக்கத்தில் இருந்தவனிடம், "இப்ப வரும் பாரு" என்றான். வந்தது. அவன் பாப்கார்னை நீட்டினான், இவன் எடுத்துக்கொண்டான். அந்தப் படிக்கட்டு காட்சிக்காக நாங்கள் இரண்டு ராத்திரி தூங்காமல் வேலை பார்த்திருந்தோம்.

இப்போது நான் எழுதி வைத்திருக்கும் கதையில் பேய் ஒரு பாட்டி. செத்து நாலு மாதம் ஆகிறது. மாதம் பிறந்தால் ரேஷன் கடை வரிசையில் வந்து நிற்கிறாள். யார் கண்ணுக்கும் தெரிவதில்லை. கடை மூடிய பிறகு பார்த்தால் கைரேகை இயந்திரத்தில் அவள் ரேகை பதிவாகியிருக்கிறது, இருப்பில் அவள் பங்கு அரிசி குறைந்திருக்கிறது. கடை விற்பனையாளர்தான் நாயகன். பேய் வந்து கழுத்தை நெரிக்கும் என்ற பயம் அவனுக்கு இல்லை. ஆய்வுக்கு வருகிற அதிகாரி, செத்தவள் பேரில் அரிசி திருடியவன் என்று எழுதிவிட்டால் என்ன செய்வது என்பதுதான் அவன் பயம்.

இதற்கு எனக்கு வந்த பதில்: ரேஷன் கடையைப் பங்களாவாக்க முடியுமா? பாட்டிக்கு ஓர் இளவயது ஃபிளாஷ்பேக் வைத்தால் கதாநாயகி கிடைப்பாரே?

என் கதை நல்ல கதை என்று வாதாட இதை எழுதவில்லை. மோசமாகவும் இருக்கலாம். கதை சரியில்லை என்று சொல்லியிருந்தால் பேசாமல் வாங்கிக்கொண்டு வந்திருப்பேன், அப்படி வாங்கிக்கொண்டு வந்த கதைகள் என் பெட்டியில் நாலைந்து கிடக்கின்றன. ஆனால் இங்கே கதையை யாரும் எடை போடவே இல்லை. படிவத்தின் கட்டங்களில் அது உட்காரவில்லை, அவ்வளவுதான்.

நீங்கள் வழக்கம் என்று எதைச் சொல்கிறீர்கள் என்பதில்தான் எனக்குச் சண்டை. வழக்கமே வேண்டாம் என்று சொல்கிற ஆள் நான் இல்லை. எங்கள் ஊர்ப் பக்கம் கோயில் கொடையில் வில்லுப்பாட்டு கேட்டு வளர்ந்தவன். பழையனூர் நீலி கதை தெரியாதவர் யாரும் அந்தக் கூட்டத்தில் இருக்க மாட்டார்கள். கணவன் கையால் செத்த பெண், பழிவாங்கத் திரும்பி வருகிறாள். உங்கள் படிவம் கேட்கிற ஃபிளாஷ்பேக் என்பதே அங்கிருந்து வந்ததுதான், நம்முடைய பழைய சொத்து. ஆனால் நீலி கதையில் மயிர் கூச்செறிகிற இடம் எது தெரியுமா? அவள் கோரைப்பல் காட்டுகிற இடம் இல்லை. கள்ளிக் கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு ஊர்ச்சபை முன்னால் நின்று, "இவர்தான் என் புருஷன், என்னோடு வர மாட்டேன் என்கிறார்" என்று அழுகிறாளே, அந்த இடம். அவன் இவள் பேய் என்று கதறுகிறான். சபை அவளைத்தான் நம்புகிறது. அவன் உயிருக்கு நாங்கள் பொறுப்பு என்று வாக்குக் கொடுத்து அவனை அவளோடு அனுப்பிவைக்கிறார்கள். விடிந்தால் அவன் பிணம். வாக்குக் கொடுத்த எழுபது வேளாளர்களும் தீயில் இறங்குகிறார்கள். நீலிக் கண்ணீர் என்று இன்றைக்கும் சொல்கிறோமே, அது இந்தக் கண்ணீர்.

கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனாலும் பாடுகிறவர் அந்தச் சபைக் காட்சியை வருடா வருடம் கொஞ்சம் மாற்றுவார். ஒரு வருடம் சபையில் ஒரே ஒரு கிழவர் மட்டும் அவளைச் சந்தேகப்பட்டார். அவர் வாயைத் திறப்பதற்குள் மற்றவர்கள் அடக்கிவிட்டார்கள். அந்த ராத்திரி எங்கள் ஆச்சி, "ஐயோ, அவனைச் சொல்ல விடுங்கலே" என்று சத்தம் போட்டே விட்டாள். முடிவு தெரிந்தவள்தான். அறுபது வருடமாகக் கேட்டவள்தான்.

கல்லூரியில் தொல்காப்பியம் நடத்தியபோது தூங்கியவன் நான். ஆனால் ஒரு வரி மட்டும் மனதில் நின்றுவிட்டது: "உரிப்பொருள் அல்லன மயங்கவும் பெறுமே." நிலமும் பொழுதும் முதற்பொருள். தெய்வம், உணவு, விலங்கு, பறை எல்லாம் கருப்பொருள். புணர்தலும் பிரிதலும் காத்திருத்தலும் மாதிரியான உணர்ச்சிதான் உரிப்பொருள். அந்த உணர்ச்சி நிலைத்திருக்க வேண்டும், மற்றவை ஒன்றோடொன்று கலக்கலாம் என்கிறார் தொல்காப்பியர். கதைகளை வகை பிரித்துக் கேட்கிற எல்லோருக்கும் இதைவிடத் தெளிவான விதி எனக்குத் தெரிந்து வேறு இல்லை. பேய்ப் படத்துக்குப் பயம் உரிப்பொருள். பங்களா, வெள்ளைப் புடவை, காமெடியன், மந்திரவாதி, கிளைமாக்ஸ் சாமி எல்லாம் கருப்பொருள். நீங்கள் கருப்பொருளுக்கெல்லாம் கட்டம் போட்டுவிட்டு உரிப்பொருளைக் கேட்க மறந்துவிட்டீர்கள்.

சங்கப் புலவர்களும் கட்டுக்குள் நின்று எழுதியவர்கள்தான். பாலைத் திணை என்றால் பிரிவு, அதை யாரும் மாற்றவில்லை. ஆனால் குறுந்தொகையில் ஒருவர், காதலன் பிரிந்தபின் தலைவியின் மனசு எப்படி இருக்கிறது என்பதற்கு, ஆட்கள் விட்டுப்போன வீட்டின் முற்றத்தில் அணில் விளையாடுவதைச் சொன்னார். அவருடைய சொந்தப் பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. அணிலாடு முன்றிலார் என்று அந்தக் காட்சியே அவருக்குப் பெயராகிவிட்டது. பாழடைந்த வீட்டைக் காட்ட அவருக்குச் சிலந்தி வலை தேவைப்படவில்லை என்பதை எங்கள் ஆர்ட் டிபார்ட்மென்டுக்கு ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன். வலை அடிக்கிற மெஷினுக்கு ஏற்கெனவே வாடகை கொடுத்தாகிவிட்டது என்றார்கள்.

சரி, பழங்கதை போதும், வசூலுக்கு வருகிறேன்.

என் அப்பா சங்கரன்கோவில் பக்கம் ஒரு தியேட்டரில் ஆபரேட்டராக இருந்தார். கேபின் ஓட்டை வழியாக அவர் திரையைப் பார்த்ததைவிடக் கீழே இருக்கிற தலைகளைப் பார்த்ததுதான் அதிகம். பேய்ப் படத்தில் ஜனம் கத்துகிற இடத்தை அவர் கணக்கில் எடுத்துக்கொள்ள மாட்டார். சத்தம் திடீரென்று நிற்கிற இடத்தைத்தான் கவனிப்பார். 2005-இல் 'சந்திரமுகி' வந்தபோது நானும் கேபினில் இருந்தேன். ரஜினி வரும்போதெல்லாம் கூரை பிய்த்துக்கொண்டு போனது. ஜோதிகா தெலுங்கில் பேச ஆரம்பித்ததும் கீழே ஓர் இருமல்கூட இல்லை. அப்பா என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

அந்தக் கதை 1993-இல் மலையாளத்தில் 'மணிச்சித்ரதாழு' என்று வந்தது. அங்கே வீட்டுப் பெண்ணைப் பிடித்ததாகச் சொல்லப்படும் நாகவல்லி, தஞ்சாவூரிலிருந்து வந்த நடனக்காரி. அதனால் கேரளத்து வீட்டுப் பெண் திடீரென்று தமிழ் பேசுகிறாள். தமிழுக்கு வரும்போது அதே பாத்திரம் தெலுங்கு பேசுகிறது. (மலையாளிக்கு நாம் பேய், நமக்குத் தெலுங்கர் பேய். இதைப் பற்றித் தனியாகவே ஒரு கடிதம் எழுதலாம்.) பங்களா இரண்டு படத்திலும் இருக்கிறது. ஆனால் பயம் பங்களாவில் இல்லை. பக்கத்தில் படுத்துத் தூங்குகிற மனைவி, தனக்குத் தெரியாத ஒரு மொழியில் பேசுகிறாளே, அதில் இருக்கிறது. இத்தனைக்கும் அதில் பேயே கிடையாது, மனநோய் என்று படமே சொல்லிவிடுகிறது. 'சந்திரமுகி' சென்னை சாந்தி தியேட்டரில் 800 நாளைத் தாண்டி ஓடியது. அதைப் பார்த்து நீங்கள் எடுத்துக்கொண்டது எதை? பங்களாவை.

2011-இல் 'காஞ்சனா'. பத்துப் பேரை அடிக்கிற வளர்ந்த ஆள், இருட்டினால் அம்மா இடுப்பில் ஏறிக்கொள்கிறான். எதற்கும் அஞ்சாத நாயகர்களையே பார்த்துப் பழகிய ஜனத்துக்கு அது புதுசு. 2007-இல் 'முனி'யிலேயே தொடங்கிய விஷயம்தான், இதில் முழுசாகப் பலித்தது. கூடவே, திருநங்கை ஒருவரைப் பேயாக்கி, அவர் பக்கம் நியாயத்தை வைத்து, அந்த வேடத்தில் சரத்குமாரை நிறுத்தியது. இவ்வளவு துணிச்சலையும் விட்டுவிட்டு நீங்கள் எடுத்துக்கொண்டது காமெடியை மட்டும்.

இதற்கிடையில் 2009-இல் இரண்டு படங்கள் வந்தன. நான் கதை சொல்லப் போகிற இடத்திலெல்லாம் இவற்றைச் சொல்லித்தான் வாதாடுகிறேன். 'யாவரும் நலம்' படத்தில் பங்களா இல்லை, அடுக்குமாடிக் குடியிருப்பில் புதிதாகக் குடிபோகிற ஒரு கூட்டுக் குடும்பம். பேய் வருவது டிவி சீரியல் வழியாக. சீரியலில் நடப்பது இந்த வீட்டில் நடக்கிறது. மத்தியானம் சீரியல் ஓடாத வீடு எது? 'ஈரம்' படத்தில் பேய் தண்ணீராக வருகிறது. அதைப் பார்த்துவிட்டு வந்து என் அக்கா ஒரு வாரம் குளியலறைக் கதவைத் தாழ் போடவில்லை, வெளியே அம்மா காவல் இருக்க வேண்டும். இரண்டு படத்திலும் ஃபிளாஷ்பேக் உண்டு, அநியாயமாகச் செத்தவர்கள் உண்டு. நீலி காலத்து வழக்கம் எதையும் அவை தூக்கிப் போடவில்லை. நம் வீட்டில் தினமும் கை படுகிற ஒரு பொருளுக்குள் பயத்தைக் கொண்டுபோய் வைத்தன, அவ்வளவுதான்.

2014-இல் மிஷ்கினின் 'பிசாசு' வந்தது. அதில் செத்துப்போன பெண் பழிவாங்க வரவில்லை, வீட்டுக்குக் காவலாக வருகிறாள். 2015-இல் 'டிமான்ட்டி காலனி'. ஆழ்வார்பேட்டையில் உண்மையிலேயே இருக்கிற ஒரு தெருவின் பெயரையும் அதைச் சுற்றி ஊரில் உலவிய கதையையும் எடுத்துக்கொண்டு, நாலு பையன்களை ஒரு வாடகை அறையில் பூட்டிவைத்தார்கள். சாலிகிராமத்தில் மூன்று பேர் சேர்ந்து அறை எடுத்துத் தங்கியிருக்கும் எனக்கு அது எந்தப் பங்களாவைவிடவும் பயமாக இருந்தது. அட்வான்ஸைத் திருப்பித் தராத வீட்டுக்காரர் ஒரு பக்கம், பேய் ஒரு பக்கம்.

இந்தப் படங்களுக்கெல்லாம் பணம் போட்டவர்களும் உங்களைப் போன்ற தயாரிப்பாளர்கள்தான். அவர்களிடம் ஒரு படிவம் இருந்திருந்தால் இவற்றில் எத்தனை தேறியிருக்கும் என்று ஒரு நாள் உட்கார்ந்து நிரப்பிப் பாருங்கள்.

இந்த வார்ப்பு எங்கிருந்து வந்தது என்பதையும் நான் பக்கத்திலிருந்து பார்த்தவன். 2011-க்குப் பிறகு தமிழ்நாட்டில் கேளிக்கை வரிவிலக்கு வேண்டுமென்றால் 'யு' சான்றிதழ் இருந்தாக வேண்டும் என்று விதி வந்தது. தொலைக்காட்சி உரிமை விற்கவும் 'ஏ' முத்திரை இடைஞ்சல். நிஜமாகவே பயமுறுத்தினால் 'யு' கிடைக்காது. ஆகவே ஒரு பயத்துக்கு ஒரு சிரிப்பு என்று கலந்து, குடும்பத்தோடு ஞாயிற்றுக்கிழமை டிவியில் பார்க்கிற மாதிரி பேயைச் சமைத்தார்கள். நான் வேலை செய்த ஒரு படத்தில், எடிட்டிங் அறையிலேயே, "இது ரொம்ப பயமா இருக்கு, தூக்கிடு" என்று ஒரு காட்சி போனது. பேய்ப் படத்தில் பயமாக இருந்ததால் வெட்டுப்பட்ட காட்சி! அன்றைக்கு அதற்கு ஒரு கணக்கு இருந்தது, மறுக்கவில்லை. 2017-இல் ஜிஎஸ்டி வந்ததும் அந்த வரிவிலக்குக் கணக்கே மாறிவிட்டது. விதி போய்விட்டது, அதற்காகச் செய்த அச்சு மட்டும் உங்கள் மேசையில் அப்படியே இருக்கிறது.

"பணம் போடுவது நான், நீ இல்லை" என்று நீங்கள் சொல்வீர்கள். நியாயம். வட்டிக்கு வாங்கிப் படம் எடுக்கிறவருடைய ராத்திரி எப்படி இருக்கும் என்று பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். தெரிந்த பாதையில் போனால் கொஞ்சம் தூக்கம் வரும். 'அரண்மனை' வரிசையில் நாலாவது படம் 2024-இல் வந்து நன்றாகவே ஓடியது, அதையும் ஒத்துக்கொள்கிறேன். அந்த வரிசைக்கு என்று ஒரு கூட்டம் இருக்கிறது, அவர்களுக்கு என்ன கொடுக்க வேண்டும் என்று அந்த இயக்குநருக்குத் தெரியும். ஆனால் அதே சாமானை வாங்கி வைத்துக்கொண்டு வரிசையாக வந்து, ஒரு வாரம் தாண்டாமல் போன பேய்ப் படங்களின் கணக்கு என்னைவிட உங்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். அதில் இரண்டு படத்தில் எனக்கு இன்னும் சம்பளப் பாக்கி இருக்கிறது.

புதுசு எல்லாமே ஓடும் என்றும் நான் சொல்லவில்லை. 1954-இல் ஏவி.எம். ஒரு பாட்டுகூட இல்லாமல் 'அந்த நாள்' எடுத்தது. அது முதலில் சரியாகப் போகவில்லை. 2019 தீபாவளிக்கு வந்த 'கைதி'யிலும் பாட்டு இல்லை, கதாநாயகி இல்லை, ஒரே ராத்திரியில் முடிகிற கதை. அது ஓடியது. ஆனால் அதன் உள்ளே இருந்தது, பார்த்தே இராத மகளைப் பார்க்கத் துடிக்கிற அப்பா. அதைவிடப் பழைய சரக்கு தமிழ் சினிமாவில் உண்டா? எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்று அந்தக் கதையே முடிவு செய்திருக்கிறது. அந்த முடிவைப் படிவத்தின் கையில் கொடுத்துவிட்டு எங்களைக் கூப்பிடாதீர்கள் என்கிறேன்.

ஆகவே உங்களிடம் கேட்பது இவை.

அந்தப் படிவத்தைத் திரும்பப் பெறுங்கள். முடியாதென்றால், முதல் கேள்வியாக "இந்தக் கதையில் பார்ப்பவர் எதற்குப் பயப்படுவார்?" என்பதைச் சேருங்கள். அதற்குப் பதில் எழுத முடியாத கதையைத் தாராளமாகத் திருப்பி அனுப்புங்கள், என்னுடையது உட்பட. ரெஃபரன்ஸ் கேள்வியைக் கதை முழுக்கக் கேட்டு முடித்த பிறகு கேளுங்கள். முதலிலேயே கேட்டால் நாங்கள் பயத்தில் ஏதாவது மூன்று பெயரைச் சொல்வோம். அதற்குப் பிறகு நீங்கள் கேட்பது எங்கள் கதையை அல்ல, அந்த மூன்று படங்களைத்தான்.

ஒரு கதைக்கு முப்பது நிமிடம் கொடுங்கள். போனை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டுக் கேளுங்கள். வேண்டாம் என்றால் ஒரு மாதத்துக்குள் ஒற்றை வரியில் சொல்லிவிடுங்கள். "கூப்பிடுறோம்" என்ற சொல்லை நம்பி, வந்த வேலையையும் விட்டுவிட்டு எட்டு மாதம் உட்கார்ந்திருந்தவர்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள்.

கதை பிடித்து வாங்கினால், காமெடி நடிகரின் தேதியை வாங்கிவிட்டு அதற்காகக் கதையை வளைக்காதீர்கள். சிரிப்பு தேவைப்படுகிற கதையில் அது தானாக வரும். எங்கள் ரேஷன் கடை வரிசையில் அது ஏற்கெனவே நிறைய இருக்கிறது. வருடத்துக்கு நாலு படம் எடுக்கிற நிறுவனங்கள், அதில் ஒன்றையாவது சின்ன பட்ஜெட்டில், இந்த அச்சு எதையும் வைத்துப் பார்க்காமல், கதையை மட்டும் நம்பி எடுங்கள்.

கடைசியாக ஒன்று, இது எனக்கு மட்டும். என் பவுண்ட் ஸ்கிரிப்ட் இரண்டு பிரதி அந்த அலுவலகத்தில் இருக்கிறது. பச்சை அட்டை, மேலே பேனாவில் 'ரேஷன் கடை' என்று எழுதியிருக்கும். ஒரு பிரதி எடுக்கவே எனக்கு அறுநூறு ரூபாய் ஆனது. வரவேற்பறையில் கொடுத்து வைத்தால் போதும், நானே வந்து வாங்கிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓர் இணை இயக்குநர்,
சாலிகிராமம், சென்னை